மனு இப்போது யார் மேசையில் இருக்கிறது?

அப்பா இறந்து ஒரு வருடம் தாண்டியும் அவருடைய மொபைலுக்கு அம்மா மாதா மாதம் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தார். பழைய பட்டன் போன். சாமி படத்துக்குக் கீழே உள்ள பலகையில், விபூதித் தட்டுக்குப் பக்கத்தில், சார்ஜர் வயரோடு இருக்கும். ஊருக்குப் போனபோது அதைப் பார்த்து, ஞாபகத்துக்காக வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். கேட்டதற்கு, "அதுக்கில்லப்பா, வீட்டு வரிக்கு ஓடிபி அதுலதான வருது. நம்பர் போயிட்டா நான் என்ன செய்ய?" என்றார்.

எங்கள் ஊர் தென் மாவட்டத்தில் ஒரு நகராட்சி. எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. அங்கே நடந்தது எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் கெட்டவர்கள் இல்லை. யாரும் எங்களிடம் பணம் கேட்கவில்லை, யாரும் எரிந்து விழவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் உள்ளாட்சி அலுவலகம் என்றாலே லஞ்சம் என்ற ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிடுகிறோம். லஞ்சம் வாங்காத நல்ல மனிதர்கள் இருக்கும் அலுவலகத்திலும் ஒரு சாதாரண வேலை ஒரு வருடம் ஏன் நிற்கிறது என்பதுதான் என்னை விடாமல் தொந்தரவு செய்த கேள்வி.

வேலை இதுதான். அப்பா 2021 செப்டம்பரில் தவறினார். சொத்துவரி, குடிநீர் இணைப்பு இரண்டும் அவர் பெயரில். அவற்றை அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும். சொத்தில் தகராறு கிடையாது. நானும் தங்கையும் எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடத் தயாராக இருந்தோம்.

அம்மா ஒரு மஞ்சப்பையில் எல்லாவற்றையும் சேர்த்தார். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கிரயப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, கடைசியாக வரி கட்டிய ரசீது, எங்கள் இருவரின் சம்மதக் கடிதம், எல்லாருடைய ஆதார் நகல். என்னென்ன வேண்டும் என்ற பட்டியல் நகராட்சி வாசலில் உள்ள பலகையில் இருந்தது, ஆனால் அது முழுப் பட்டியல் இல்லை. முழுப் பட்டியல் எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்காரரிடம் இருந்தது. அம்மா பையைத் திறந்ததும் அவர் தாள்களைப் புரட்டி, "பெயர் மாத்தவாம்மா? இதுல ரெண்டு காப்பி பத்தாது, மூணு போட்டுக்குங்க. குடிநீர் ரசீது தனியா வேணும், அதையும் எடுத்துட்டு வந்திருங்க" என்று சொல்லிக்கொடுத்தார். அவர் அரசாங்க ஊழியர் இல்லை. இருபது வருடமாகத் திரும்பி வந்தவர்களின் முகங்களைப் பார்த்தே அந்தப் பட்டியலைக் கற்றுக்கொண்டிருக்கிறார். நகராட்சி நவீனமாக வேண்டும் என்று யாராவது கூட்டம் போட்டால் அந்தக் கடைக்காரரை முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன். எந்தத் தாளில் ஜனங்கள் தடுக்கி விழுகிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

அந்த இறப்புச் சான்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதைக் கொடுத்தது இதே நகராட்சிதான். பிறப்பு, இறப்பு எங்கே நிகழ்கிறதோ அந்த ஊரில்தான் பதிவாகும். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாளுக்குள் தகவல் தர வேண்டும். அப்பா இறந்தது ஊரில் உள்ள ஆஸ்பத்திரியில். அவர்களே தகவல் அனுப்பினார்கள், கணினியில் பதிவானது, சான்றிதழைத் தங்கை தன் வீட்டிலிருந்தே இறக்கிக்கொண்டாள். அந்த வரைக்கும் எல்லாம் அழகாக நடந்தது. நான் பிறந்த காலத்தில் பிறப்புச் சான்று வாங்க அப்பா எத்தனை நாள் அலைந்தார் என்பதை அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அதனால் இதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்தச் சான்றிதழின் மூன்று நகல்களை எடுத்துக்கொண்டு, அதைப் பதிவு செய்த கீழ்த்தள அறையைத் தாண்டி, மாடியில் இருக்கும் வருவாய்ப் பிரிவுக்கு அம்மா முழங்கால் வலியோடு படியேறினார். ஒரே கட்டிடத்தில் கீழே தெரிந்த விஷயத்தை மேலே தெரியப்படுத்தும் வேலை, கணவரை இழந்த அறுபத்து மூன்று வயதுப் பெண்மணியின் தலையில் விழுந்திருந்தது.

மனுவை 2022 ஜனவரியில் கொடுத்தோம். தபால் பிரிவில் சீல் போட்டு, ந.க.எண் (மனுவுக்கு அலுவலகம் போடும் பதிவு எண்) எழுதி, ரசீது கொடுத்தார்கள். அப்புறம் தொடங்கியது அந்தப் பதில்கள்.

"ஃபைல் மேல போயிருக்கும்மா."

"ஆர்.ஐ. கேம்ப்ல இருக்கார், திங்கக்கிழமை வாங்க."

"அந்த சீட்டுக்காரர் மாறுதல்ல போயிட்டார், புதுசா வர்றவங்க பார்ப்பாங்க."

"எலெக்ஷன் வேலை நடக்குது, முடியட்டும்."

ஒவ்வொரு பதிலும் அப்போது உண்மை போலத்தான் இருந்தது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் அந்தப் பிப்ரவரி 19-ஆம் தேதி நடந்தது. ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்கச் சொத்துவரி உயர்ந்தது. எங்கள் வீட்டைப் போல 600 சதுர அடிக்கு மேல் 1,200 வரை உள்ள வீடுகளுக்கு 50 சதவீதம். அந்த வரி விவரங்களைச் சரிபார்க்கும் வேலையில் வருவாய்ப் பிரிவு முழுவதும் மூழ்கியது. எங்கள் வீட்டுக்கும் புதிய வரிக்கான நோட்டீஸ் வந்தது, அப்பா பெயரில். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தாராம். தங்கைதான் சொன்னாள்.

நவம்பரில் நான் ஊருக்குப் போனபோது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதினேன். வெள்ளைத்தாளில், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. கேட்டது ஒன்றே ஒன்று: இந்த ந.க.எண்ணுள்ள மனு வந்த நாளிலிருந்து இன்று வரை எந்தெந்தத் தேதியில் யாரிடம் இருந்தது, ஒவ்வொருவரும் அதில் என்ன எழுதினார்கள், அதன் நகல் வேண்டும். சட்டம் முப்பது நாள் அவகாசம் தருகிறது. இருபத்தேழாவது நாள் பதில் வந்தது. இரண்டு பக்கம்.

முதல் பக்கத்தில் ஒரு பதிவேட்டின் நகல். எங்கள் மனுவுக்கு ஒரே ஒரு வரி. எழுத்தர் நீல மையில் எழுதியிருந்தார். பிப்ரவரி மாதத் தேதி போட்டு, குடிநீர்க் கட்டண நிலுவை ரூ.180, செலுத்தக் கோரி மனுதாரருக்குத் தெரிவிக்கலாம் என்று குறிப்பு. அதற்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்து. அதற்குப் பிறகு கட்டங்கள் எல்லாம் காலி.

அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த இரண்டு மாதம் குடிநீர்க் கட்டணம் கட்டாமல் விட்டுப் போயிருந்தது. எங்கள் யாருக்கும் அது நினைவிலேயே இல்லை. "தெரிவிக்கலாம்" என்று எழுதியவர் மாறுதலில் போய்விட்டார், தெரிவிக்க வேண்டிய ஆள் வரவில்லை. ஃபைல் மேலே போகவே இல்லை. பிப்ரவரியிலிருந்து அது ஒரே அலமாரியில் நூற்றி எண்பது ரூபாய்க்காகக் காத்திருந்தது. அன்று மதியமே அம்மா போய்க் கட்டிவிட்டு வந்தார். 2023 ஜனவரி பொங்கலுக்கு முன்னால் பெயர் மாறிவிட்டது.

இதைப் பெரியம்மாவிடம் சொன்னேன். வேறொரு ஊர் நகராட்சியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். அவர் அதிர்ச்சி அடையவில்லை. "உன் மனு எங்க இருக்குன்னு ஆபீசுக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்காதப்பா. ஒவ்வொரு சீட்டுக்கும் தன்பதிவேடு உண்டு. எல்லாம் அதுல இருக்கும்" என்றார்.

தன்பதிவேடு என்ற அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒரு முழு உலகம் இருக்கிறது. தபால் வந்ததும் எண் போடுவார்கள். எண் போட்டதை அந்தந்த சீட்டுக்கு, அதாவது அந்த வேலையைப் பார்க்கும் எழுத்தரின் இருக்கைக்கு, பிரிப்பார்கள். வாங்கிக்கொண்ட எழுத்தர் தன் பதிவேட்டில் தேதியோடு ஏற்றுவார். என்ன நடவடிக்கை, எந்தத் தேதி, யாருக்கு அனுப்பப்பட்டது, எப்போது திரும்பி வந்தது என்று ஒவ்வொன்றையும் அதில் எழுத வேண்டும். கண்காணிப்பாளர் அதை அவ்வப்போது வாங்கிப் பார்த்து, தேங்கியிருக்கும் மனுக்களைப் பற்றிக் கேட்க வேண்டும். பிரிட்டிஷ் காலத்தில் டாட்டன்ஹாம் என்ற அதிகாரியின் பெயரால் வந்த அலுவலக நடைமுறை இது. மதராஸ் மாகாணத்திலிருந்து இன்றைய தமிழ்நாட்டு அலுவலகங்கள் வரை தொடர்ந்து வருகிறது. பெரியம்மா தன்பதிவேட்டைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. "என் பதிவேட்டுல ஒரு கட்டம் காலியா இருக்காது" என்றார். நான் நம்புகிறேன்.

அப்படியென்றால் என் கேள்விக்குப் பதில் பல தலைமுறையாக ஒவ்வொரு மேசையிலும் இருந்திருக்கிறது. மனு யாரிடம் இருக்கிறது, ஏன் நிற்கிறது என்பதை எழுதி வைக்கும் பழக்கம் நம் அலுவலகங்களுக்குப் புதிதில்லை. அந்தப் புத்தகம் உள்பக்கம் திரும்பி இருந்தது, அவ்வளவுதான். மனு கொடுத்தவர் அதைப் பார்க்க முடியாது. கணினி வந்தபோது அந்தப் பதிவேட்டை நம் பக்கம் திருப்பி வைத்திருக்கலாம். நிறைய இடங்களில் அப்படிச் செய்யாமல், ஒரு விண்ணப்ப எண்ணையும், அதைப் போட்டுப் பார்த்தால் வரும் "பரிசீலனையில் உள்ளது" என்ற இரண்டு சொல்லையும் கொடுத்தார்கள். "ஃபைல் மேல போயிருக்கு" என்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டுமே எனக்கு எதையும் சொல்வதில்லை.

நகராட்சியை நவீனமாக்குவது என்றால் எனக்கு முதலில் வேண்டியது இதுதான். தன்பதிவேடு எனக்குத் தெரிய வேண்டும்.

இது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. நம் ஊரிலேயே பக்கத்துத் துறையில் நடக்கிறது. அதே மஞ்சப்பையில் இருந்த வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் அறுபது ரூபாய் கட்டி விண்ணப்பித்திருந்தோம். அந்த எண்ணைப் போட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கிறதா, வருவாய் ஆய்வாளரிடமா, தாசில்தாரிடமா என்று தெரிந்தது. ஆய்வாளரிடம் ஒரு வாரமாக நிற்பதைப் பார்த்து அம்மா நேராக அவரைப் போய்ப் பார்த்தார். மறுநாள் விசாரணைக்கு வந்துவிட்டார். கேள்வி கேட்க வேண்டிய ஆள் யார் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பட்டா விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். உட்பிரிவு (நிலத்தைத் துண்டாகப் பிரிப்பது) தேவைப்படாத நிலத்துக்குக் கிரயம் பதிவானால் பட்டா தானாகவே மாறுகிறது. பதிவுத்துறை தனக்குத் தெரிந்ததை வருவாய்த்துறைக்குத் தானே சொல்லிவிடுகிறது. வாங்கியவர் நடுவில் தாளைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. இறப்புப் பதிவுக்கும் இப்படி ஒரு கதவு திறந்திருக்கிறது. 2023-இல் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், அந்தத் தகவலை வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை, சொத்துப் பதிவு போன்றவற்றோடு பகிர்ந்துகொள்ள வழி செய்கிறது. எஸ்தோனியா என்ற சின்ன நாட்டில் இதை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறார்கள்: ஒரு முறை அரசிடம் சொன்னதை இன்னொரு முறை அரசு கேட்கக் கூடாது. அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் பரவாயில்லை. ஒரு கட்டிடத்தின் கீழ்த்தளம் மேல்தளத்தோடு பேசினால் போதும்.

இப்போது தெருவிளக்கு.

நான் குடியிருக்கும் நகரம் பெரியது, ஆப் உண்டு, வாட்ஸ்அப் உண்டு, எல்லாம் உண்டு. எங்கள் தெரு முனையில் ஒரு கம்பத்தில் விளக்கு எரியவில்லை. அந்த இடத்தில்தான் ராத்திரி ஷிப்ட் முடித்து வரும் பெண்கள் கம்பெனி வேனிலிருந்து இறங்குவார்கள். கம்பத்தில் பெயின்டில் எழுதியிருந்த எண்ணைப் படம் எடுத்து ஆப்பில் போட்டேன். மூன்றாம் நாள் மெசேஜ் வந்தது, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று. மாலையில் போய்ப் பார்த்தேன். இருட்டு. மறுபடி போட்டேன். இரண்டே நாளில் மறுபடி தீர்க்கப்பட்டது. மறுபடி இருட்டு. மூன்றாவது முறை போட்டபோது ஒருவர் போனில் கூப்பிட்டார். ஒப்பந்தக்காரரின் ஆள். "சார், பல்பு நல்லாத்தான் இருக்கு. கம்பத்துக்கு வர்ற லைன்ல கோளாறு. அது ஈ.பி. பார்க்கணும். எங்களால செய்ய முடிஞ்சது முடிஞ்சிருச்சு, அதான் க்ளோஸ் பண்ணிட்டோம்" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையவை, அதில் தொங்கும் விளக்கு மட்டும் உள்ளாட்சியுடையது. ஆனால் அவருடைய திரையில் இருந்தது ஒரே ஒரு பொத்தான், "முடிந்தது". "என் பங்கு முடிந்தது, மீதியை இன்னாருக்கு அனுப்பியிருக்கிறேன்" என்று சொல்ல அந்த ஆப்பில் இடமே இல்லை. மேலே இருப்பவர்கள் எத்தனை புகார் முடிந்தது என்று எண்ணிப் பார்ப்பார்கள், அதனால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். விளக்கு எரிகிறதா என்று சொல்லக்கூடியவர் புகார் கொடுத்தவர்தான். அவர் "ஆமாம், எரிகிறது" என்று சொன்ன பிறகுதான் புகார் முடிய வேண்டும். இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

இந்த 'அது எங்களுடையது இல்லை' என்ற விஷயம் தெருவிளக்கோடு நிற்பதில்லை. சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். 1688-இல் தொடங்கிய மாநகராட்சி, இந்தியாவிலேயே மிகப் பழையது. 2011-இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426-ஆக விரிந்து 200 வார்டுகள் ஆனது. அங்கே ஒரு மழை நாளில் உங்கள் வாசலில் தண்ணீர் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது மழைநீர் வடிகால் அடைப்பால் நின்றால் மாநகராட்சி. கழிவுநீர்க் குழாய் பொங்கி நின்றால், 1978-லிருந்து தனியாக இயங்கும் குடிநீர் வாரியம். சாலை நெடுஞ்சாலைத்துறையுடையது என்றால் அவர்கள். தோண்டிய பள்ளம் மின்கேபிளுக்கானது என்றால் மின்வாரியம். வாசலில் நிற்கும் தண்ணீரின் வாசனையை வைத்து எந்தத் துறை என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு குடியிருப்பவருக்கு. மாநகராட்சிக்கு 1913 என்ற புகார் எண் இருக்கிறது. ரிப்பன் மாளிகை திறக்கப்பட்ட ஆண்டும் 1913 என்பதால் எனக்கு அந்த எண் எப்போதும் மறப்பதில்லை. அந்த எண்ணுக்குக் கூப்பிடுகிறவர் 'என் வாசலில் தண்ணீர் நிற்கிறது' என்று மட்டும் சொல்ல வேண்டும். யாருடைய தண்ணீர் என்று பிரிப்பது அவர்களுக்குள் நடக்க வேண்டிய வேலை. வெள்ளம் வரும் வாரத்தில் எல்லாத் துறை அதிகாரிகளும் ஒரே கட்டுப்பாட்டு அறையில் உட்காருகிறார்கள், அப்போது இது நடக்கத்தான் செய்கிறது. அதை வருடம் முழுக்க ஏன் செய்யக் கூடாது?

மக்களிடம் மனு வாங்க அரசு நடத்திய முகாம்களைப் பற்றியும் இதே கேள்விதான் எனக்கு. 2023 டிசம்பரில் 'மக்களுடன் முதல்வர்' தொடங்கியது, 2025 ஜூலையில் 'உங்களுடன் ஸ்டாலின்' தொடங்கியது. பல துறைக்காரர்கள் ஒரே பந்தலில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள், மனுவுக்குக் கெடு வைத்துப் பதில் தருவோம் என்றார்கள். என் தங்கை வீட்டுப் பக்கத்தில் நடந்த முகாமுக்கு நான் போயிருந்தேன். மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க ஆள் இருந்தார்கள். உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர் இருந்தது. ஒரு பாட்டி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார், அவரும் விடுவித்துக்கொள்ளாமல் கேட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. முகாமை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கல்யாண மண்டபத்தில் ஒரு நாள் முடிகிற காரியம், அதே ஆட்களால், அவர்களுடைய சொந்தக் கட்டிடத்தில் மற்ற நாட்களில் முடிய வேண்டும். முடியும் என்று அந்த ஒரு நாளே காட்டிவிட்டது.

கெடு என்று சொன்னதும் கர்நாடகம் நினைவுக்கு வருகிறது. சேவைகளுக்குக் காலக்கெடு விதிக்கும் சட்டத்தை 2010-இல் முதலில் கொண்டுவந்தது மத்தியப் பிரதேசம். கர்நாடகம் 2011-இல் சட்டம் போட்டு 2012 ஏப்ரலில் 'சகாலா' என்ற பெயரில் நடைமுறைப்படுத்தியது. அங்கே விண்ணப்பித்தால் தரும் சீட்டில் ஒரு எண்ணோடு, எந்தத் தேதிக்குள் வேலை முடிய வேண்டும் என்பதும் இருக்கும். தாமதமானால் நாளுக்கு இருபது ரூபாய் வீதம், ஐநூறு ரூபாய் வரை இழப்பீடு கேட்கலாம். தொகை சிறியதுதான். அதைவிடப் பெரியது அந்தத் தேதி. பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் அந்தச் சீட்டு ஒன்றை வாங்கி, தேதியைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் வேறு வேலையைப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மாவின் ரசீதில் எண் இருந்தது, சீல் இருந்தது, தேதி இல்லை. தேதி இல்லாததால்தான் அவர் வாரா வாரம் போனார். போய்க் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதிலேயே அந்த எழுத்தரின் காலை நேரமெல்லாம் போனது, அதனால் ஃபைல் இன்னும் தாமதமானது. தமிழ்நாட்டுக்கு இப்படி ஒரு சேவை உரிமைச் சட்டம் வேண்டும் என்று பலர் பல வருடமாகக் கேட்கிறார்கள். நானும் அந்த வரிசையில் நிற்கிறேன்.

ஆனால் கெடு மட்டும் வைத்து ஆள் போடாமல் விட்டால் அது எழுத்தரின் கழுத்தில் விழும். பெரியம்மா கடைசி நான்கு வருடம் மூன்று பேர் வேலையைப் பார்த்திருக்கிறார். காலியான இடங்களுக்கு ஆள் வரவில்லை. பிறப்பு இறப்பு, குடிநீர், தணிக்கை என்று மூன்று சீட்டின் பதிவேடுகளும் அவர் மேசையில். ஆள் மாறினால் புது ஆளுக்கு உட்கார்ந்து விளக்கிப் பொறுப்பு ஒப்படைக்கக்கூட நேரம் இருக்காது. "ஒரு மெஷினு குடுத்துட்டு ரெண்டு ஆளை எடுத்துடறாங்க. மெஷின் வந்து வாசல்ல நிக்கிற அம்மாகிட்ட பேசுமா?" என்று கேட்டார். எங்கள் மனுவில் "தெரிவிக்கலாம்" என்று எழுதிவிட்டு மாறுதலில் போனவர் மீது எனக்குக் கோபம் வராததற்கு இதுதான் காரணம். அவர் தன் பதிவேட்டில் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை நாம் சீக்கிரம் மறந்துவிட்டோம். 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை, ஐந்து வருடத்துக்கு மேல், தமிழ்நாட்டின் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எதிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை. தனி அலுவலர்கள் நடத்தினார்கள். அந்த வருடங்களில்தான் ஆப்களும் இணையதளங்களும் வேகமாக வந்தன. நவீனமாகிக்கொண்டிருந்த நகராட்சியில் கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர் இல்லை. 1993-இல் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்து, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தேர்தல் கட்டாயம் என்று சொன்ன நாட்டில் இது நடந்தது. புதிய கவுன்சிலர் வந்த பிறகு எங்கள் ஊரில் என்ன மாறியது என்று அம்மாவிடம் கேட்டேன். "வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம்ல" என்றார். அது சின்ன விஷயம் இல்லை. இணையத்தில் விண்ணப்பிக்கத் தெரியாத ஒருவருக்கு கவுன்சிலர் வீட்டுத் திண்ணையும் ஒரு அலுவலகம்தான்.

கிராமங்களுக்கு 1994 சட்டத்திலிருந்து கிராமசபை இருக்கிறது. நகரத்தில் இருப்பவர்களுக்கு அப்படி ஒன்றும் இல்லாமல் இருந்தது. 2022-இல்தான் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி நாளில், முதல் பகுதி சபைகள் கூடின. நான் ஒரு முறை போயிருக்கிறேன். மாநகராட்சிப் பள்ளி வகுப்பறை, குழந்தைகள் உட்காரும் பெஞ்ச். வந்தவர்கள் இருபது பேர் இருக்கும். அவர்களில் ஏழெட்டுப் பேர் அலுவலக ஆட்கள். உதவிப் பொறியாளர் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். ஒரு அம்மா எழுந்து, "போன தடவையும் இதைத்தான் எழுதினீங்க. அந்த நோட்டு எங்க?" என்று கேட்டார். அறை அமைதியாகிவிட்டது. பொறியாளர் இளைஞர், நேர்மையாகவே சொன்னார்: "அது வேற நோட்டும்மா, முன்னாடி இருந்தவர்கிட்ட இருந்திருக்கும்." அந்த அம்மா கேட்டதும் நான் கேட்டதும் ஒன்றுதான். எழுதியதைக் காட்டுங்கள். போன கூட்டத்தில் எழுதியது இந்தக் கூட்டத்தின் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால், ஒவ்வொன்றுக்கும் எதிரே யார், எப்போது, ஏன் ஆகவில்லை என்று இருந்தால், அடுத்த கூட்டத்துக்கு இருபது பேர் மட்டும் வர மாட்டார்கள்.

கட்டிட அனுமதியில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலையிலிருந்து, 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமும் கட்டுகிறவர்கள் சுயசான்று கொடுத்து உடனடியாக அனுமதி பெறலாம். என் நண்பர் ஒருவர் அப்படித்தான் வாங்கினார். கட்டணம் கட்டிய அன்றே அனுமதி கையில் வந்தது. மக்கள் சொல்வதை நம்பி முதலில் வேலையை முடித்துவிட்டு, தவறு இருந்தால் பிறகு பிடிக்கலாம் என்ற எண்ணம் ஒரு அலுவலகத்துக்கு வருவது பெரிய விஷயம். வீடு கட்டுகிறவரை நம்ப முடிந்தால், கணவர் இறந்துவிட்டார் என்று சொல்லும் பெண்மணியையும், அதுவும் அலுவலகமே கொடுத்த சான்றோடு வருபவரை, நம்பலாம்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். அக்டோபரில் கட்ட வேண்டிய அரையாண்டு வரி. மாதம் முடிவதற்குள் கட்டினால் ஐந்து சதவீதம் தள்ளுபடி, அம்மா அதை எப்போதும் விட மாட்டார். என் போனில் வரிவிதிப்பு எண்ணைப் போட்டேன். அவர் பெயர் வந்தது. அம்மா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, திரையைக் கிட்டத்தில் கொண்டுபோய் எழுத்துக் கூட்டி வாசித்தார். இன்ஷியல் சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தார். பணம் போனதும் அவருடைய போன் இடுப்பில் சிணுங்கியது.

"எனக்கே வருது" என்றார்.

அப்புறம் எழுந்து போய் சாமி பலகையில் இருந்த அப்பாவின் போனை எடுத்து சார்ஜில் போட்டார். இனிமேல் இது எதற்கு என்று கேட்டேன். கேஸ் இணைப்பு இன்னும் அப்பா நம்பரில்தான் இருக்கிறது, அதற்கும் எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.